மான் சுடும் அனுமதிக்கு நான் நிரப்பிய படிவம்

என் மனைவியின் தம்பி போஞ்சி நட்ட நிலத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம். அறுபத்து நாலு படி இறங்கி, லா ஷப்பலிலிருந்து கார் து நோர் ரயில் நிலையம் வரை நடந்து, D ரயில் எடுத்து, அவன் குடியிருக்கும் சார்செலையும் தாண்டி, காடு தொடங்கும் இடத்தில் இறங்கிப் பிறகு பஸ் எடுக்கவேண்டும். பஸ் வராத நாளில் நடைதான். ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், மூவாயிரத்து நூற்றுப் பத்து அடி. எனக்கு எழுபத்து நாலு வயது, முழங்கால் இரண்டும் சரியில்லை. ஆனாலும் அந்த வருடம் பதினேழு தடவை போனேன். வீட்டில் இதைப்பற்றி இப்போது பேச முடியாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

அவன் என்னைவிடப் பதினாறு வயது இளையவன். இருபத்தாறு வருடம் உணவகங்களின் நிலக்கீழ் அறைகளில் பாத்திரம் கழுவினான். கலியாணம் செய்யவில்லை, செய்துவைக்க நாங்கள் மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் தோற்றோம். குளிர்காலத்தில் இருட்டோடு வேலைக்கு இறங்கி இருட்டோடு மேலே வருவான். நாலு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, அந்த நிலக்கீழ் அறையில் அவன் தன்னை முடித்துக்கொள்ளப் போனான். கூட வேலை செய்த வங்காளிப் பெடியன் ஒருவன் கண்டு தடுத்து, அவனுடைய போனில் இருந்த என் இலக்கத்துக்கு எடுத்தான். நான் போய், அவனோடு பேசி, மனநல மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவனே கையெழுத்து வைத்து உள்ளே போனான். பத்தொன்பது நாள் இருந்தான். என் மனைவிக்கு நிமோனியா என்று சொன்னேன். தொற்றும், நீர் வரவேண்டாம் என்றும் சொன்னேன். அவள் பத்தொன்பது நாளும் ரசம் வைத்துப் போத்தலில் தந்தாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெளியே வந்த நாளில் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு செய்தோம். ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு நான் போன் எடுப்பேன். அவன் பேசவேண்டியதில்லை. மணி இரண்டாவது தரம் அடிக்கும்போது வெட்டினால் சுகமாய் இருக்கிறான் என்று அர்த்தம். ஊரிலிருந்து வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் இப்படித்தான், காசு போகாமல், மணி அடித்து வெட்டிச் சேதி சொன்னோம். அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

பிறகு அவனுக்கு இந்த நிலம் கிடைத்தது. ஒரு பிரெஞ்சு விவசாயி தன் காணியில் ஒரு மூலையைக் குத்தகைக்குக் கொடுத்தார். கீரை, பூசணி, போஞ்சி, கண்ணாடிக் கூடாரத்துக்குள் வெண்டி. லா ஷப்பல் கடைகள் நாலு அவனிடம் எடுக்கத் தொடங்கின. முதல் மூன்று மாதத்தில் அவன் முகம் கறுத்து மினுங்கியது. இரவு ஒன்பது மணிக்குச் சில நாள் மணியை வெட்டாமல் எடுத்தும் பேசினான். "அத்தான், இண்டைக்கு மழை" என்று மட்டும் சொல்லுவான். எனக்கு அது போதும்.

மான் வந்தது அடுத்த வருடம். காட்டிலிருந்து இரவில் வந்து, குருத்தை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டு விடியமுன் போய்விடும். ஒரு காலையில் நானே வரிசை வரிசையாக எண்ணினேன். ஆயிரத்து இருநூறு போஞ்சிக் கன்றில் எழுநூற்று எண்பத்தாறுக்குத் தலை இல்லை. அந்த வருடம் முழுக்க அப்படிப் போயிற்று. அடுத்த வருடமும் நிலம் இப்படிக் கிடந்தால் வேறு ஆளுக்குக் கொடுப்பேன் என்று விவசாயி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கம்பி கட்டினோம், தாண்டிற்று. மனித வாடைக்கு மான் வராது என்று யாரோ சொன்னார்கள். ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் நான் தலைமயிர் வெட்டும் சலூனில், கூட்டிய மயிரை எல்லாம் வெங்காய வலைப்பைகளில் நிறைத்து வாங்கிக்கொண்டு போனேன். பதினெட்டுப் பை. சலூன்காரர் தந்துகொண்டே சொன்னார்:

"அண்ணை, இதிலை முக்கால்வாசி டை அடிச்ச மயிர். மானுக்கு வயசு பிடிபட்டிடும்."

மான் அந்தப் பைகளுக்குக் கீழே நின்று போஞ்சி தின்றது. விவசாயி இரவில் படம் எடுக்கும் சின்னக் கமரா ஒன்றைக் கடனாகத் தந்து கம்பத்தில் கட்டச் சொன்னார். அதில் வந்த முதல் படமே அதுதான். மேலே வலைப்பை, கீழே மான்.

மான் வந்த இரண்டாவது வருடம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு ஒரு படிவத்தோடு வந்தான்.

"உதென்ன?" என்றேன்.

"மான் சுடுற பெர்மி, அத்தான். அங்கை பக்கத்துக் காணிக்காரர் எல்லாரும் வச்சிருக்கினம். ஒரு நாள் பயிற்சி, பிறகு சோதினை. முப்பத்தொரு புள்ளியிலை இருபத்தஞ்சு எடுக்கோணும்."

என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கோழி உரிக்கவே கை நடுங்கிறவர் மான் சுடப்போறாராம்."

"உரிக்கச் சொல்லி ஆர் சொன்னது அக்கா."

"சுட்டா உரிக்கத்தானே வேணும். பிறிட்ஜிலை இடமில்லை, இப்பவே சொல்லிப்போட்டன்."

அவன் சிரித்தான். அவன் சிரித்து அவள் கண்டு கனகாலம். அவள் உடனே தேத்தண்ணி போட்டாள்.

படிவத்தை என் முன்னால் வைத்தான். லா ஷப்பலில் ஒரு போட்டோகொப்பிக் கடையின் மூலை மேசையில் முப்பத்தொரு வருடம் இருந்து மற்றவர்களின் படிவங்களை நிரப்பியவன் நான். விசா, வீடு, வரி, பிள்ளைக் கொடுப்பனவு எல்லாம். அந்த மேசையில் எங்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கேள்வி நீளமாக இருந்தால், விளங்காவிட்டால், கொஞ்சம் சங்கடமாக இருந்தால், 'நொன்', அதாவது இல்லை, என்ற கட்டத்தில் புள்ளடி போடுவது. 'உய்', ஆம் என்று போட்டால் பின்னால் ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதம் ஒரு சந்திப்பைக் கொண்டுவரும், சந்திப்புக்கு இன்னொரு பத்திரம் வேண்டும். 'நொன்' போட்டால் ஒன்றும் வராது. இதை நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். யாருக்கும் தீங்கு வந்ததாக நான் அறியவில்லை.

பெயர், பிறந்த திகதி, முகவரி எழுதினேன். பிறகு, துவக்கு வைத்திருக்கத் தடையாகக்கூடிய காரணங்கள். குற்றத் தீர்ப்பு உண்டா. நொன். நீதிமன்றத் தடை உண்டா. நொன். மனநோய்க்காக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றதுண்டா.

நான் அவனைப் பார்த்தேன். அவன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான். குசினியில் அவள் பைப்பைத் திறந்துவிட்டிருந்தாள். என் பேனை ஏற்கெனவே அந்தப் பக்கக் கட்டங்களின் வரிசையில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நொன்.

மருத்துவச் சான்றிதழுக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவனுடைய பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. சூடு, கெதி, முடிஞ்சுது. டாக்டர் புதியவர், இளம்பெண். இரத்த அழுத்தம் பார்த்தார், கண் பார்த்தார், காது பார்த்தார். நித்திரைக்கோ மனதுக்கோ முன்பு மருந்து எடுத்தாரா என்று என்னிடம் கேட்டார். நான் அவனுக்கு அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவே இல்லை. நேரே "இல்லை" என்றேன். அவர் கையெழுத்திட்டார். எல்லாமாகப் பதினொரு நிமிடம்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு அப்போது என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. நிலம் போனால் அவன் திரும்ப நிலக்கீழ் அறைக்குப் போவான். அங்கே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நிலம் இருக்கவேண்டும் என்றால் மான் போகவேண்டும். மான் போக அனுமதி வேண்டும். கணக்கு நேராக இருந்தது.

பயிற்சி வைகாசியில் ஒரு சனிக்கிழமை. பயிற்றுநர் நல்ல மனிதர், மொழிபெயர்க்க நானும் கூட வரலாம் என்று விட்டார். பன்னிரண்டு பேர் பயில வந்திருந்தார்கள். ஒன்பது பேர் பெடியன்கள், இரண்டு பெண்கள், எங்கள் ஆள். காலையில் வகுப்பு. சோதினையில் பத்துக் கேள்வி, அதில் ஒன்று பாதுகாப்பைப் பற்றியது; அது பிழைத்தால் மற்ற ஒன்பதும் சரியாக இருந்தும் பிரயோசனமில்லை. செய்முறையில் துவக்கின் குழாயை ஒருதரம் ஒரு மனிதன் பக்கம் திருப்பினால் அந்த இடத்திலேயே முடிந்தது. எந்தப் பகுதியில் எத்தனை மான் சுடலாம் என்று முதலே எண்ணித்தான் கொடுப்பார்கள். சுட்ட ஒவ்வொரு மானின் காலிலும் இலக்கம் போட்ட பட்டி பூட்டவேண்டும். எண்ணிச் செய்யும் காரியம் என்பதால் எனக்கு அது பிடித்தது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன்.

பிறகு அவர் நேரத்தைச் சொன்னார். சூரியன் உதிக்க ஒரு மணித்தியாலம் முன்பிருந்து, மறைந்து ஒரு மணித்தியாலம் வரை. அதற்கு வெளியே, சொந்தக் காணியானாலும், துவக்கைத் தூக்க முடியாது.

நான் கை உயர்த்தினேன். மான் இரவில்தானே வருகிறது என்று கேட்டேன்.

இரவில் சுட மாவட்ட அரச அதிபரின் கட்டளை வேண்டும் என்றார். கட்டளை இருந்தாலும் எல்லோரும் சுட முடியாது. அதற்குச் சத்தியம் செய்து நியமிக்கப்பட்ட ஒருவர் பகுதிக்குப் பகுதி இருக்கிறார், சம்பளம் இல்லாத பதவி. அந்தப் பதவிக்கு வர ஐந்து வருடமாவது அனுமதி வைத்திருக்கவேண்டும். சொந்தச் செலவில் வேட்டை நாய்கள் வளர்ப்பதாக எழுதிக் கொடுக்கவேண்டும், ஓடித் துரத்தும் நாய் என்றால் நாலு. உங்களுக்கு மான் தொல்லை என்றால் விவசாயி மூலம் விண்ணப்பியுங்கள், அவர் வருவார் என்றார்.

நான் கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டும் ஐந்தும் அறுபத்து மூன்று. சார்செலில் ஒற்றை அறையில் நாலு நாய். அவனுக்கு இதைத் தமிழில் சொன்னேன். ஏமாந்து போவான், திரும்பிப் போவோம் என்பான் என்று நினைத்தேன். அவன் தலையை ஆட்டினான்.

"பரவாயில்லை அத்தான். பெர்மியை எடுப்பம்."

பின்னேரம் வயலில் செய்முறை. கம்பி வேலியைக் கடக்குமுன் துவக்கை மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்து, குழாய் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். கடந்தபின் திரும்பவும். பெடியன்கள் அவசரப்பட்டார்கள், ஒருவன் மூன்று தடவை பிழைவிட்டான். எங்கள் ஆள் பிழைவிடவில்லை. கோழி உரிக்கக் கை நடுங்குபவனின் கை அன்று நடுங்கவில்லை. குழாய் வழியாகப் பார்க்கும்போது மற்றவர்கள் ஒரு கண் சிமிட்டும் நேரம் பார்த்தார்கள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பயிற்றுநர் தோளில் தட்டி, "இவர்தான் கவனமானவர், எல்லோரும் இவரைப் பாருங்கள்" என்றார். நான் அதை அவனுக்கு மொழிபெயர்த்தேன். கொப்பியில் அதை மட்டும் எழுதவில்லை.

அடுத்த மாதம் நிலத்துக்குப் போனபோது கமராவின் படங்களை எண்ணினேன். இருபத்து மூன்று இரவு, நாற்பத்தொரு படம். ஒவ்வொன்றின் மூலையிலும் நேரம் இருக்கும். ஆக முந்தியது ஒரு மணி பத்து. ஆகப் பிந்தியது மூன்று மணி ஐந்து. அந்த மாதத்தில் சுட அனுமதிக்கப்பட்ட நேரம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னர்தான் தொடங்கும். அந்த நேரத்துக்குள் ஒரு மான்கூட இல்லை. இரண்டு தடவை எண்ணினேன். பிறகு கொப்பியை அவனிடம் காட்டினேன். அவன் பூசணிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான்.

"பார் தம்பி. நீ பெர்மி எடுத்தும் ஒரு மானும் சுடேலாது."

"ஓம்."

"அப்ப என்னத்துக்கு?"

"இருக்கட்டும் அத்தான்."

"என்னத்துக்கு எண்டு கேக்கிறன்."

அவன் குழாயை நிலத்தில் வைத்தான். தண்ணீர் பாதையில் ஓடியது. வீணாகப் போகிறது என்று எனக்கு அந்த நேரத்திலும் மனம் அடித்துக்கொண்டது.

"அறையிலை கிடந்தாப் போதும். சுடோணுமெண்டில்லை. ஒண்டு கிடக்குதெண்டு தெரிஞ்சா நித்திரை வரும்போலை கிடக்கு."

அவன் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னான். தலையணை ஒன்று வாங்கவேண்டும் என்பதுபோல. பிறகு குழாயை எடுத்து மற்றப் பாத்திக்கு விட்டான்.

அன்று ஒன்பது மணிக்கு எடுத்தேன். இரண்டாவது மணியில் வெட்டினான். ஒழுங்கின்படி சுகமாய் இருக்கிறான். நான் விடியும்வரை படுக்கவில்லை.

நாலு நாள் யோசித்தேன். டாக்டரிடம் போகலாம் என்று எண்ணி, வாசல்வரை போய்த் திரும்பினேன். மனைவியிடம் சொல்லலாம் என்று எண்ணினேன். அதற்கு நிமோனியாவிலிருந்து தொடங்கவேண்டும். என் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். நிலம் போனால் நிலக்கீழ் அறை. நிலம் இருந்தால் துவக்கும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே விடைதான் வந்தது. வித்தியாசம், ஒன்றில் தடுக்க ஒரு வங்காளிப் பெடியனாவது இருப்பான். மற்றதில் ஒற்றை அறை, பூட்டிய கதவு.

ஐந்தாம் நாள் அனுமதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஏழு வரி. இன்னாருடைய படிவத்தை நிரப்பியவன் நான், இன்ன கேள்விக்கு 'நொன்' என்று நான் இட்டது பிழை, சரியான விடை 'உய்', அந்தப் பொய் என்னுடையது, அவருடையது அல்ல. பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு கட்டத்தை நான் திருத்தியது அதுதான் முதல்.

கடிதம் கிடைத்ததற்கான அட்டை ஆறாம் நாள் வந்தது. இருபத்திரண்டாம் நாள் அவன் வந்தான். கையில் அலுவலகத்தின் கடிதம். மனநல நிபுணர் ஒருவரின் சான்றிதழ் இல்லாமல் அவனைச் சோதினைக்கு எடுக்கமுடியாது என்று அதில் இருந்தது. யாரோ அவனுக்கு வாசித்து விளங்கப்படுத்தியிருக்கவேண்டும். வாசிக்கச் சொல்லி என்னிடம் அவன் தரவில்லை.

செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"இரன்" என்றாள் என் மனைவி. "சோறு போடுறன்."

"வேண்டாம் அக்கா. அத்தான் எழுதிக் குடுத்திட்டார்."

"என்னத்தை?"

"அவரைக் கேள்."

"நீ சொல்லு."

"எனக்கு விசரெண்டு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். நிலக்கீழ் அறை, வங்காளிப் பெடியன், பத்தொன்பது நாள், எல்லாம். நின்றபடியே கேட்டாள். கையில் அகப்பை இருந்தது.

"நிமோனியா எண்டீங்கள்" என்றாள்.

"ஓம்."

"நான் மிளகு கூடப் போட்டனான். நெஞ்சுச் சளிக்கெண்டு."

அவன் சொன்னான்:

"ஊரிலை உள்ள எல்லாருக்கும் நொன் போட்டியள் அத்தான். எனக்கு மட்டும் மாத்திப் போட்டியள்."

"தம்பி, நீ சொன்னதுக்குப் பிறகு..."

"நான் நித்திரை வரேல்லை எண்டுதான் சொன்னன்."

அவன் படி இறங்கும் சத்தம் கேட்டது. எண்ணாமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. அறுபத்து நாலும் இறங்கினான்.

நிபுணரிடம் அவன் போகவில்லை. நான் இரண்டு தடவை சந்திப்பு எடுத்தேன், இரண்டுக்கும் வரவில்லை. ஆடியில் மான் தின்று போஞ்சியும் கீரையும் முடிந்தன. விவசாயி போட்ட விண்ணப்பத்துக்குப் புரட்டாதியில்தான் கட்டளை வந்தது. சத்தியம் செய்த மனிதர் ஒரு பழைய வானில், இரண்டு நாயோடும் வெப்பம் காட்டும் கண்ணாடியோடும் வந்தார். நிலத்துப் பக்கம் யாராவது நிற்கவேண்டும் என்றார்கள். அவன் வரமாட்டேன் என்றதால் நான் நின்றேன். மூன்று மணிவரை வானுக்குள் இருந்தோம். ஒருதரம் கண்ணாடியை என்னிடம் தந்தார். காட்டோரத்தில் இரண்டு வெள்ளை உருவங்கள் நின்றன. கொஞ்சநேரம் நிலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன.

"இங்கே தின்ன என்ன இருக்கிறது" என்றார் அவர்.

கார்த்திகையில் நிலம் கைமாறியது. கூடாரத்தைப் பிரிக்க நான் போனேன், அவனும் வந்திருந்தான். நான் கழற்றிக் கொடுத்த கம்பிகளை மட்டும் வாங்கி அடுக்கினான். இப்போது ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறான். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அங்கே கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தேன். அவனோடு சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரிடமும் என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அதுவும் ஒரு குற்றமாகும்.

என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு கட்டிக்கொண்டு தனியாகச் சார்செல் போகிறாள். என்னைக் கூப்பிடுவதில்லை. போய்வந்து என்ன பேசினார்கள் என்று சொல்வதுமில்லை. கேட்டால், "சாப்பிட்டான்" என்பாள்.

ஆனால் ஒன்பது மணிக்கு நான் எடுப்பதை நிறுத்தவில்லை. அவனும் என் இலக்கத்தை மறிக்கவில்லை. இரண்டாவது மணியில் வெட்டுவது மட்டும் போய்விட்டது. சில நாள் நாலு, சில நாள் ஐந்து. கோபத்தில் வேண்டுமென்று செய்கிறானா, கை ஈரமா, போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறானா, எனக்குத் தெரியாது. கொப்பியில் ஒவ்வொரு இரவையும் எழுதி வருகிறேன். என் மனைவி பக்கத்து அறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பாள். அவளும் எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன்.

நேற்று ஏழு தடவை மணி அடித்தது. எட்டாவதில் வெட்டினான்.